கம்பியில் வைத்த பொட்டு

சித்தப்பாவின் பேஸ் கிட்டாரில் மொத்தமே நாலு கம்பிகள்தான். அவற்றில் மூன்று ஒழுங்காக இருந்தன. இருப்பதிலேயே தடிமனான நான்காவது கம்பி, நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், எங்கள் குடும்பத்தையே ஆட்டி வைத்தது. காலையில் முறுக்கி வைத்தால் மதியம் தளர்ந்திருக்கும். மதியம் முறுக்கினால் சாயங்காலம் பழையபடி தொங்கும். மாமியார் மருமகள் சண்டைகூட இதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அம்மா சொல்வாள்.

சித்தப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். கல்யாண வரவேற்பு, காதணி விழா, கோயில் பொங்கல் என்று மதுரைக்குச் சுற்றுவட்டாரத்தில் எங்கே மேடை போட்டாலும், ஓரமாகச் சிவப்புக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான். பேஸ் கிட்டார் என்றால் என்ன என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிவிடும். பாட்டுக்கு அடியில் டும் டும் என்று ஒன்று போய்க்கொண்டிருக்குமே, அதுதான் என்பேன். அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, "அப்ப பாட்டு எப்பப் பாடுவாரு?" என்று கேட்பார்கள். பந்தக்காலை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது சாய்ந்தால்தான் பார்ப்பார்கள். சித்தப்பாவின் வேலையும் அப்படிப்பட்டது.

அப்பாவுக்குக் கயிற்றுக் கடை. மூக்கணாங்கயிறு, வாளிக் கயிறு, தொட்டில் கயிறு, லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிறு என்று ஊரில் எது எதைக் கட்ட வேண்டுமோ அதற்கெல்லாம் அப்பாவிடம் கயிறு உண்டு. கடையில் இடம் போதாமல் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலும் பாதிச் சரக்கு கிடக்கும். தம்பி கச்சேரிக்குப் போவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஆனால் போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. மேய்ந்துவிட்டு மாடு தானாகத் தொழுவத்துக்கு வரும் என்று காத்திருந்தார். கடைக்குள் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைக் காலியாகவே போட்டு வைத்திருந்தார்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான் சித்தப்பா புதுக் கம்பிகள் மாட்டினார். பழைய கம்பிகள் வியர்வை பட்டுத் துருவேறிப் போயிருந்தன. சென்னைக்குப் போன நண்பரிடம் சொல்லி வாங்கி வந்த கம்பிகள் அவை. முன்னறையில் கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினார். கிட்டாரின் தலைப்பக்கம் கம்பிக்கு ஒன்றாக நாலு உருளைகள் இருக்கும். உருளையில் கம்பியின் நுனியைச் செருகி, பக்கவாட்டில் இருக்கும் திருகைத் திருப்பினால், உருளை சுற்றிக் கம்பியை இழுத்து முறுக்கும். மூன்று கம்பிகளில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. தடிமன் கம்பியில் மட்டும் முழங்கை நீளத்துக்கு மிஞ்சியது. சித்தப்பா வெட்டுக்குறடைக் கையில் எடுத்த நேரம், அப்பா உள்ளே வந்தார்.

"என்னடா பண்றே?"

"மிச்சத்த வெட்டப்போறேண்ணே."

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான், ஏதோ கன்றுக்குட்டியை வெட்டப் போகிறார்களோ என்று பயந்துவிட்டேன். எங்கள் வீட்டில் கட்டிய கயிற்றின் மிச்சத்தை வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சத்தைச் சுற்றி வைக்க வேண்டும். கொடிக் கயிறானாலும் சரி, கொசுவலைக் கயிறானாலும் சரி, எங்கள் வீட்டில் எல்லா முடிச்சுக்கும் பக்கத்தில் ஒரு பெரிய உருண்டை தொங்கும்.

"கட்டுன கயித்துல மிச்சத்த வெட்டுறவன் கயித்துக்காரனே இல்ல. மாடு மிரண்டு இழுக்குறப்ப அந்த மிச்சந்தான்டா கை கொடுக்கும். சுத்து, அம்புட்டையும் சுத்து."

"இது மாடு இல்லண்ணே."

"இழுக்குறது எல்லாம் ஒண்ணுதான்."

சித்தப்பாவுக்கும் உள்ளுக்குள் ஓடுவது அதே கயிற்றுக்காரர் ரத்தம்தானே. மிச்சம் முழுவதையும் உருளையில் சுற்றினார். கடைசியில் அது குளவிக்கூடு மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. அப்பா விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, இனி இடியே விழுந்தாலும் அசையாது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

அசைந்தது. அதுவும் செல்லூரில், ஒரு கல்யாண வரவேற்பில், நிறைந்த சபையில் அசைந்தது. அங்கே மேடை மிகச் சின்னது. சித்தப்பாவை ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒடுக்கி நிறுத்தியிருந்தார்கள். பாட்டுப் போகப் போக அந்தத் தடிமன் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கியிருக்கிறது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு ரசித்து வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பாடுகிற பெண் தடுமாறி, சொல்ல வேண்டிய வரியை விட்டுவிட்டாளாம். அந்தக் குழுவின் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர் எப்போதும் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்பார். பின்னால் யாராவது தப்பு விட்டால் மட்டும் திரும்பிப் பார்ப்பார். அன்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்துச் சுளுக்கியிருக்க வேண்டும்.

மறுநாள் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடிக்கும்வரை நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"கம்பி எறங்குறது கம்பியோட குத்தம் தம்பி. அத நான் ஒத்துக்கிறேன். எறங்குனது ஒனக்குக் கேக்கலையே, அது யாரு குத்தம்?"

மாஸ்டர் குழுவில் முன்பு வேறொருவர் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்கில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் காது மந்தமாகிப்போனது. அதை யாரிடமும் சொல்லாமலே மறைத்து வாசித்திருக்கிறார். அவருக்கும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்ததாம். கம்பி இறங்குவது சபைக்கெல்லாம் கேட்கும், அவருக்குக் கேட்காது. இப்போது அவர் ஊரில் கோழிப்பண்ணை வைத்திருப்பதாக மாஸ்டர் சொன்னார்.

"ஒத்தக்கடை காதுகுத்து வரைக்கும் பாக்குறேன். அங்கயும் இப்படின்னா, கீபோர்டு தம்பி எடது கையாலயே பேஸையும் வாசிச்சுக்குவாப்ல. நீ அண்ணே கூடக் கடையப் பாத்துக்க. கோவிச்சுக்காத."

ஒத்தக்கடை காதுகுத்து யாரோ வீட்டு விசேஷமல்ல. அம்மாவின் பெரியப்பா மகன் வீட்டு விசேஷம். கச்சேரிக்கு இந்தக் குழுவைப் பிடித்துக் கொடுத்ததே அம்மாதான். அம்மா வழிச் சொந்தம் முழுவதும் பந்தியில் உட்காரப் போகிற இடத்தில் சித்தப்பாவின் கம்பி இறங்கினால், அவருக்குக் குழுவில் இடம் போய்விடும். அதோடு எங்கள் எல்லோருக்கும் தலையும் இறங்கிவிடும்.

மாஸ்டர் சொன்னதில் ஒரு பாதியைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கம்பி இறங்கக் கூடாது. அவ்வளவுதான். காது சமாச்சாரத்தை நான் பொருட்படுத்தவே இல்லை. சித்தப்பாவுக்குக் காது கேட்காமல் என்ன? அம்மா கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னால் கேட்காது, உண்மைதான். எங்கள் வீட்டில் வேலை சொன்னால் யாருக்குத்தான் காது கேட்டிருக்கிறது?

அன்றிலிருந்து கம்பிக்கு வைத்தியம் ஆரம்பமானது. புதுக் கம்பி என்றால் கொஞ்ச நாள் நீளத்தான் செய்யும் என்று சித்தப்பா ஒவ்வொரு கம்பியையும் கட்டைவிரலால் இழுத்து இழுத்து விட்டார். மூன்று கம்பிகள் அதற்கு அடங்கி நின்றன. தடிமன் கம்பி அடங்கவில்லை. பிறகு வெயில் காரணமாக இருக்கும் என்றார்கள். தகரக் கூரை போட்ட மாடியறையில் இருந்த கிட்டாரைக் கீழே கொண்டுவந்து, அம்மாவின் நூல் சேலையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தோம். பிள்ளை பெற்றவளுக்குக்கூட அந்தக் கவனிப்புக் கிடைத்திருக்காது. கட்டிலுக்கு அடியிலும் அது இறங்கியது.

அடுத்து, திருகுகளைப் பிடித்திருக்கும் ஆணிகள் லொடலொட என்று ஆடுவதாகச் சந்தேகம் வந்தது. அம்மா தையல் மெஷினுக்கு வைத்திருந்த சின்னத் திருப்புளியால் அவற்றை இறுக்கினோம். பிறகு, கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் வெட்டில் அது சிக்கிச் சிக்கி நகர்வதாக முடிவு செய்து, என் பென்சிலைச் சீவி, கரியை அந்த வெட்டில் தேய்த்தார் சித்தப்பா. அது பரீட்சைக்கென்று அப்பா வாங்கிக் கொடுத்த நல்ல பென்சில். போனது போனதுதான். அம்மா தன் பங்குக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கிட்டாருக்குச் சுற்றித் தெருவில் போட்டாள். அதன்மேல் வண்டி ஏறி நசுக்கியதைப் பார்த்த பிறகு அவளுக்கு மட்டும் மனசு லேசானது.

இத்தனைக்கும் அந்தக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவரிடம் ஒரு சின்னப் பெட்டி உண்டு. கம்பியைத் தட்டினால் சுருதி சரியாக இருக்கிறதா இல்லையா என்று விளக்குப் போட்டுச் சொல்லிவிடும். அதைக் கேட்டு வாங்கி வந்தால் என்ன என்று அம்மா கேட்டாள். "பொட்டியப் பாத்துச் சுருதி வைக்கிறதுக்கு நான் எதுக்கு மதினி?" என்று சித்தப்பா எரிந்து விழுந்தார். அவர் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. பெரிய வித்துவான் என்ற கர்வம் என்று அன்று நினைத்தேன்.

விசேஷம் நெருங்க நெருங்க சித்தப்பா சாப்பாட்டைக் குறைத்தார். தட்டில் கையை வைத்துக்கொண்டு எங்கோ பார்ப்பார். கேபிள் டிவியின் சத்தத்தைக் குறைப்பார், பிறகு கூட்டுவார், திரும்பவும் குறைப்பார். என் கார்ட்டூன் பாழாகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அப்பா அவரைப் பார்த்தும் பாராத மாதிரி இருந்தார். "கடையில பெரிய சரக்கு வந்திருக்கு, ஆளு பத்தல" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, கொஞ்சம் ஆசையும் இருந்தது.

கடைசியில் வழி சொன்னது அம்மாதான். ஒருநாள் மத்தியானம் ரவிக்கைக்கு ஊசி போட்டுக்கொண்டே, "எது நகருதுன்னு தெரியாமலே எத்தன நாளைக்குத் தம்பி வைத்தியம் பாப்பீங்க? நகருற எடத்துல ஒரு அடையாளம் வச்சுப் பாருங்களேன்" என்றாள். தையல் சாக்கட்டியால் கம்பியில் கோடு போட்டுப் பார்த்தோம். வாசிக்கும்போது கை பட்டு அழிந்துவிட்டது. அழியாத அடையாளம் வேண்டும் என்றார் சித்தப்பா.

அழியாத அடையாளம் என்னிடம்தான் இருந்தது. காதுகுத்துக்கு இட்டுக்கொள்வதற்காக வாங்கிய சிவப்பு நகப்பூச்சு. விசேஷத்துக்கு முன்னால் திறந்தால் கையை ஒடிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் மூடியைக்கூடத் தொடாமல் வைத்திருந்தேன். அதை நானே கொண்டுவந்து நீட்டினேன். தியாகம் என்ற சொல்லைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருந்தேன். அதன் அர்த்தம் அன்றுதான் புரிந்தது.

திருகில் ஒரு பொட்டு, அதற்கு நேராக, அதைத் தாங்கும் தகட்டில் ஒரு பொட்டு. உருளையின் உச்சியில் ஒன்று. அதற்கு நேராக அந்தக் குளவிக்கூட்டின்மேல், சுற்றுக்கு ஒன்றாக, வரிசையாகப் பொட்டுகள். வெட்டுக்கு மேலே கம்பியில் ஒன்று. கை நடுங்காமல் நான்தான் வைத்தேன். சித்தப்பா ஊதி ஊதிக் காய வைத்தார். முடித்துப் பார்த்தபோது, கிட்டாருக்கு அம்மை போட்டிருக்கிற மாதிரி இருந்தது. பிறகு அவர் உட்கார்ந்து, கச்சேரியில் வாசிப்பது போலவே, பாட்டுக்குமேல் பாட்டாக வாசித்துத் தள்ளினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டியும் விடவில்லை. அம்மா இரண்டு ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்து முடித்துவிட்டாள்.

நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டின. திருகின் பொட்டும் தகட்டின் பொட்டும் நேருக்கு நேராக, வைத்தபடியே இருந்தன. திருகு ஒரு மயிரிழைகூடத் திரும்பவில்லை. ஆனால் குளவிக்கூட்டின் பொட்டுகள் வரிசை கலைந்து, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமுமாகச் சிதறிக் கிடந்தன. கம்பியில் இருந்த பொட்டு வெட்டைத் தாண்டியே போயிருந்தது. சுற்றுக்குமேல் சுற்று ஏறி உட்கார்ந்ததில், அடியில் இருந்த சுற்றுகள் நசுங்கி இடம் விட்டிருந்தன. விட்ட இடத்தில் எல்லாம் கம்பி நழுவி நழுவி இறங்கியிருந்தது.

"அப்பாடா!" என்றாள் அம்மா. நான் குதித்தேன். எனக்கு அடுத்தபடி குதிக்க வேண்டியவர் சித்தப்பா. அவர் குதிக்கவில்லை. இடம் மாறிய பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு எறங்கியிருக்கு மதினி. செல்லூர்ல எனக்குத் தெரியவே இல்லையே."

"அதான் கம்பின்னு தெரிஞ்சுபோச்சுல்ல. விடுங்க தம்பி" என்றாள் அம்மா.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த அப்பாவிடம் விசாரணை அறிக்கையை நான்தான் வாசித்தேன். அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பக் குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுச் சுத்தியும் நழுவுதுன்னா, சுத்துனது பத்தலன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு சுத்து போடு."

அம்மா சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சித்தப்பா பொறுமையாக, அண்ணனுக்குத் தெரிந்த பாஷையிலேயே சொன்னார். லாரிக்குக் கயிறு போடும்போது சுற்றுமேல் சுற்று ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். நழுவும் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு பதில் கிடையாது. அதைச் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, "வெட்டுறதுன்னா வெட்டிக்கங்கடா. நான் டீக்கடைக்குப் போறேன். என் கண்ணு முன்னாடி வேணாம்" என்று வெளியே போய்விட்டார்.

வெட்டுவதும் லேசான காரியமாக இல்லை. கைவசம் இருந்தது அந்த ஒரு கம்பிதான். விசேஷத்துக்குள் சென்னையிலிருந்து இன்னொன்று வந்து சேராது. ஒரு விரற்கடை குறைத்து வெட்டினால் கதை முடிந்தது. சித்தப்பா உருளையில் சுற்றியதை எல்லாம் பிரித்து, கம்பியை நீவி நேராக்கினார். உருளையைத் தாண்டி அரைச் சாண் விட்டு, அந்த இடத்தில் முதலில் மடித்தார். மடிக்காமல் வெட்டினால் கம்பிக்குள் இருக்கும் முறுக்கு அவிழ்ந்து சத்தமே செத்துவிடுமாம். பிறகு குறடை வைத்தார், எடுத்தார், வைத்தார். "தாயே" என்று அழுத்தினார். டக்கென்று மிச்சம் பறந்துபோய்க் கயிற்றுக் கட்டுகளுக்குள் விழுந்தது. நுனியை உருளைக்குள் செருகித் திருகியபோது, சுற்றுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, அடுக்கி வைத்த வளையல்கள் மாதிரி இறங்கி உட்கார்ந்தன. மூன்றே சுற்றுதான். அப்பா டீ குடித்துவிட்டு வந்து முதல் வேலையாக அந்த வெட்டுப்பட்ட துண்டைத் தேடி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் எதையும் தூர எறிகிற பழக்கம் இல்லை.

ஒத்தக்கடை மண்டபம் பெரியது. மேடையும் அகலம். ஸ்பீக்கர் பெட்டிகளை இரண்டு ஓரங்களிலும் தள்ளி வைத்திருந்தார்கள். சித்தப்பா கீபோர்டுக்குப் பக்கத்தில் காற்றாட நின்றார். காலையில் காது குத்தி, பிள்ளைகள் வீரிட்டு அழுது ஓய்ந்து, தாய்மாமன் சீர் எல்லாம் முடிந்து, பந்தி தொடங்கும் நேரத்தில் கச்சேரியும் தொடங்கியது. நாங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். அப்பா கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டு நைலான் கயிறு. எதற்கு என்று கேட்டேன். "ஒரு பாதுகாப்புக்கு" என்றார். கிட்டார் கம்பி அறுந்தால் நைலான் கயிற்றை வைத்து என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் கேட்கிற மாதிரி இல்லை.

பாடுகிறவர்களை யாரும் பார்க்கவில்லை. அதாவது, எங்கள் வீட்டார் பார்க்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் மாஸ்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த முதுகு திரும்பினால் சித்தப்பாவின் பிழைப்புப் போயிற்று. முதல் பாட்டு, சாமி பாட்டு. முதுகு திரும்பவில்லை. அடுத்த பாட்டுக்கும் திரும்பவில்லை. எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அப்பாவின் தோளைத் தட்டினார்.

"மாப்ள, ஒங்க தம்பி வாசிக்கிறது ஒண்ணுமே கேக்கலையே?"

"கேக்கலைல்ல? அப்பச் சரியா வாசிக்கிறான்னு அர்த்தம்" என்றார் அப்பா. தம்பியின் வாசிப்பைப் பற்றி அப்பா ஒரு நல்ல வார்த்தை சொல்லி அன்றுதான் நான் கேட்டேன்.

பாதிக் கச்சேரியில்தான் அது நடந்தது. ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா சட்டென்று தலையைச் சாய்த்தார். கண்ணைத் திறந்தார். வாசிப்பில் ஒரு சின்ன இடைவெளி வந்ததும் இடது கையைக் கிட்டாரின் தலைக்குக் கொண்டுபோய், தடிமன் கம்பியின் திருகைப் பிடித்து, துளியூண்டு திருப்பினார். திரும்பக் கையைக் கீழே கொண்டுவந்து, ஒன்றும் நடக்காத மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். இறங்கிவிட்டது! வெட்டியும், மடித்தும், பொட்டு வைத்தும், பாழாய்ப்போன கம்பி இறங்கியேவிட்டது. நான் மாஸ்டரின் முதுகைப் பார்த்தேன். அது அசையவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் மஞ்சப்பையைக் கட்டிக்கொண்டு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா யாரோ அத்தையிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். பார்த்தது நான் ஒருத்திதான். சித்தப்பாவின் முகத்தில் பயமே இல்லை. இறங்கியது மாஸ்டருக்குத் தெரியாமல் போய்விடும் என்று தைரியமாக நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி முடியும்வரை அந்த முதுகு திரும்பவே இல்லை. மாஸ்டர் பந்தியில் சித்தப்பாவுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, "வர்ற முகூர்த்தத்துக்கு மேலூரு. வந்துரு" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா பாயசம் பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். அம்மா கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அவ்வளவு நிம்மதியாக நாங்கள் சாப்பிட்டு ஒரு மாதமாகியிருந்தது.

சாப்பிட்டுவிட்டு மண்டபத்து வாசலில் கடை வண்டிக்காகக் காத்து நின்றோம். வெயில் சுட்டெரித்தது. யாருக்கும் அது உறைக்கவில்லை. அப்பா கம்பியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதை வெட்டச் சொன்னதே தான்தான் என்பது போல ஆகிவிட்டிருந்தது அவர் பேச்சு. "ஒரு நூலு எறங்கலையே! கட்டுனா இப்படில்லடா கட்டணும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இல்லப்பா. ஒரு தடவ எறங்குச்சு. சித்தப்பா திருகுனாரு. நான் பாத்தேன்."

அப்பாவின் வாய் அப்படியே நின்றது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். காட்டிக் கொடுத்துவிட்டோமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த நொடி என் கால்கள் தரையில் இல்லை. சித்தப்பா என்னைத் தூக்கியிருந்தார். அவ்வளவு வளர்ந்தவளைத் தூக்கித் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஆமாண்ணே, எறங்குச்சு! புது வெட்டுல்ல, கொஞ்சூண்டு எறங்குச்சு. மதினி, எறங்குச்சு மதினி! மாஸ்டருக்குத் தெரியல, கீபோர்டுக்காரனுக்குத் தெரியல. எனக்குக் கேட்டுச்சு!"

சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் உடைந்தது. வாசலில் அத்தனை பேர் பார்க்க, கண்ணீர் வழிய வழிய நின்று சிரித்தார். அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அப்பா மஞ்சப்பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, தம்பியின் கழுத்தில் கையைப் போட்டு, "சரிடா, சரிடா" என்று மட்டும் சொன்னார்.

நான் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். கம்பி இறங்கக் கூடாது என்றுதானே என் பென்சில் போனது, என் நகப்பூச்சுப் போனது, ஒரு கோடை விடுமுறையே போனது? அது இறங்கிவிட்டது என்பதற்கா இத்தனை கொண்டாட்டம்? பெரியவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது என்று முடிவு செய்துகொண்டு, வண்டியில் ஏறி, கோபமாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன்.